அரும்பு, மொட்டு, மலர்: யாரை எங்கே உட்கார வைப்பது?

ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு மாறியதாகவும், பாதி வகுப்பு எந்நேரமும் எழுந்து ஓடுவதாகவும் சொல்லி, யாரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்கிறீர்கள். அரும்பு, மொட்டு, மலர் என்பவை ஒரே வகுப்பில் பிள்ளைகளின் கற்றல் நிலைகள்: அரும்பு தொடக்க நிலை, மொட்டு இடைநிலை, மலர் மேல்நிலை. அரும்பு நிலைப் பிள்ளைகளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், கீழ்மட்டக் கரும்பலகையை (சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்கு இருக்கும் பலகை) ஒட்டி உட்கார வையுங்கள். மலர் நிலைப் பிள்ளைகள் கதவோரம் இருந்தாலும் பரவாயில்லை. பெரும்பாலும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

பாதி வகுப்பு எந்நேரமும் எழுந்து ஓடுவதற்கு, பொருள்கள் எட்டாத இடத்தில் இருப்பதே காரணமாக இருக்கலாம். ஐந்தாம் வகுப்புக்குப் பழகிய கை, பாட அட்டைகளை நம் கண் உயரத்துக்கு ஒட்டிவிடும். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் ஒட்டினேன், பிறகு கோந்தைச் சுரண்டியே ஒரு சனிக்கிழமை போயிற்று.

இரண்டு சோதனைகள்:

1. மாலையில் எல்லோரும் போனபின் தரையில் உட்கார்ந்து பாருங்கள். எந்த அட்டை தெரிகிறது, பலகையில் எங்கே வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்பது உடனே புரியும்.

2. ஒரு நாள் முழுக்க யார் எதற்காக எழுந்தார்கள் என்று கோடு போட்டுக் குறியுங்கள். பென்சில் சீவவும் தண்ணீர் குடிக்கவும் என்றால், அதட்டுவதை விட்டுவிட்டுக் குழுவுக்கு ஒரு பென்சில் டப்பாவும் தண்ணீரும் பக்கத்திலேயே வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நிலையின் பெயரை இருக்கையில் எழுதி ஒட்டாதீர்கள். அடுத்த மதிப்பீட்டில் அரும்பு மொட்டாகலாம், ஆனால் ஒட்டிய பெயர் அந்தப் பிள்ளையோடு வீடுவரை போகும். முன்னால் உட்கார்ந்தும் தப்பாகப் பார்த்தெழுதும் பிள்ளை இருந்தால், இடத்தை மாற்றுவதற்கு முன் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.