'சீட்டு கட்ட வந்துட்டீங்களா?'

கேள்வி: எனக்கு வயது 46. திருமங்கலத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் ஐந்து பேர் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். பாயிண்டுக்கு ஐந்து ரூபாய். நான் நிதானமான ஆட்டக்காரன், கை சரியில்லை என்றால் உடனே ஸ்கூட் (ஆடாமல் விலகுவது) விட்டுவிடுவேன். ஆனால் என் மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டால் புத்தி என்னிடம் இருப்பதில்லை. நான்கு வருடத்துக்கு முன் என் மகள் சடங்குக்கு மூன்று பவுன் போடுவதாகச் சொன்னவர், ஒரு பவுனோடு வந்து நின்றார். சபையில் எனக்குத் தலைகுனிவு. அவரிடம் மட்டும் தோற்கவே கூடாது என்று ஆடி ஆடி, 14 மாதத்தில் 1,40,000 ரூபாய் விட்டுவிட்டேன். நான் உள்ளே நுழையும்போதே, 'என்ன மாப்ள, சீட்டு கட்ட வந்துட்டீங்களா?' என்று சிரிப்பார். அதிலேயே பாதி ஆட்டம் போய்விடும். வீட்டில் மாதம் பத்தாயிரம் வீதம் இருபது மாத ஏலச்சீட்டு கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன் (சீட்டு என்று சொன்னதில் பொய் இல்லையே!). ஆட்டத்தில் உணர்ச்சிவசப்படாமல் இருக்க என்ன வழி? தியானம், மூச்சுப் பயிற்சி உதவுமா? என் மனைவி உங்கள் பகுதியை விடாமல் படிப்பாள். அதனால் பெயர் வேண்டாம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலரைப் பக்கம். அதில் மூன்று பக்கம் சீர்தான். தட்டு எத்தனை வந்தது, மேளத்துக்கு யார் காசு கொடுத்தது, பந்தியில் யார் என்ன கேட்டார் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவையும் வெட்டிவிட்டேன். ஒரு வரியில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. 'என்ன மாப்ள, சீட்டு கட்ட வந்துட்டீங்களா?'

இதை உங்கள் மச்சானின் நக்கல் என்று நினைத்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. ரம்மிக்கு வருகிறவனைப் பார்த்து யாராவது 'சீட்டு கட்ட வந்தியா' என்று கேட்பார்களா? 'சீட்டாட வந்தியா' என்பார்கள், 'காசை விட வந்தியா' என்பார்கள். கட்டுவது ஏலச்சீட்டு. அந்த வார்த்தை உங்கள் வீட்டு அடுப்படியில் மட்டுமே புழங்குகிற வார்த்தை. அது தோப்புக்கு எப்படி வந்தது?

நான் சொல்கிறேன். உங்கள் மனைவி தன் அண்ணனிடம் போனில் பேசியிருப்பார். 'அவரு மாசம் பத்தாயிரம் சீட்டு கட்டுறாருண்ணே, கடைசியில எடுத்தா தள்ளு இல்லாம வரும், பாப்பா காலேஜுக்கு ஆகும்' என்று பெருமையாகவே சொல்லியிருப்பார். போன வாரம் அதே மாப்பிள்ளை தன் எதிரில் உட்கார்ந்து ஆயிரம் ஆயிரமாக விட்டதைப் பார்த்த மனுஷன் அவர். கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்?

ஆக, உங்கள் ரகசியம் ஒரு வருடமாக ரகசியமாக இல்லை. உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், நீங்கள் இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி சேர்ந்து ஒரு பெண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு அவர் மனைவி, இன்னொருவருக்குத் தங்கை. சீரில் குறை வைத்தவர் என்று அவர்மேல் உங்களுக்குக் கோபம். தங்கை பணம் என்று தெரிந்தே வாரிக் கொள்கிறாரே, அதற்கல்லவா கோபம் வந்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றாததற்குக் காரணம், அதை உங்கள் பணம் என்றே நீங்கள் நினைப்பதுதான்.

அடைப்புக்குறிக்குள் ஒரு ஆச்சரியக்குறி வேறு. சீட்டு என்று சொன்னது பொய்யில்லையாம். நாற்பத்தாறு வயதில், காலேஜுக்குப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, பொண்டாட்டியிடம் சிலேடை பேசுகிறீர்களா?

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். எனக்கு ரம்மி தெரியும். பதிமூன்று சீட்டு பிடித்து வளர்ந்த வீடுதான் எங்கள் வீடும். கடிதத்தில் நீங்கள் விவரித்த அந்தக் கையை நான் இரண்டு முறை படித்தேன். ஒரிஜினல், அதாவது ஜோக்கர் இல்லாமல் சேர்ந்த வரிசை, இல்லை. ஜோக்கர் ஒன்றே ஒன்று. பத்துப் பத்தாக எண்ண வேண்டிய சீட்டு ஆறு. இதை எடுத்ததும் கீழே வைத்து ஸ்கூட் விட்டிருந்தால் இருபது பாயிண்ட், நூறு ரூபாய். நீங்கள் வைக்கவில்லை, ஏனென்றால் உங்களுக்கு அடுத்த கை மச்சான். நீங்கள் போட்ட இஸ்பேடு எட்டை அவர் எடுத்துவிட்டார். உடனே உங்கள் கையிலிருந்த இஸ்பேடு ஒன்பதைப் பிடித்து வைத்துக்கொண்டீர்கள். அவருக்குக் கிடைக்கக் கூடாது. அதற்காக உங்கள் ஆட்டின் ஜோடியையே உடைத்துப் போட்டீர்கள். அவர் நாலு சுற்று பார்த்தார், வராது என்று தெரிந்ததும் மிடில் விட்டு, அதாவது பாதியிலேயே விலகி, நாற்பது பாயிண்டோடு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவர் எழுந்து போன பிறகும் ஒன்பது உங்கள் கையிலேயே இருந்தது! உங்கள் ஐவரில் ஒருவரான பரோட்டாக் கடைக்காரர் டிக் அடித்து ஆட்டத்தை முடித்தார். உங்களுக்கு ஃபுல் கவுண்ட், எண்பது, நானூறு ரூபாய். ஐந்து பேர் ஆட்டம், இரண்டு கட்டு கலந்துதான் ஆடியிருப்பீர்கள். இன்னொரு இஸ்பேடு ஒன்பது கட்டுக்குள்ளேயோ வேறு ஒருவர் கையிலேயோ இருந்திருக்கும். அதுகூட உங்கள் நினைவில் இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பரோட்டாக் கடைக்காரர் நன்றாக இருக்கட்டும்.

ரம்மி சூதாட்டமில்லை, கோர்ட்டே சொல்லிவிட்டது என்று ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். உண்மைதான். 1968-ல் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டமில்லை, திறமைதான் அதில் முக்கியம் என்றது. என்ன திறமை? விழுகிற சீட்டை நினைவில் வைப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்று தெரிந்திருப்பது. நீங்கள் எதையும் நினைவில் வைக்கவுமில்லை, கீழே போடவுமில்லை. அந்தத் தீர்ப்பை இனிமேல் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது ஆடத் தெரிந்தவர்களுக்கு. அப்புறம், செல்போனில் ஆடுவதில்லை என்று ஒரு பெருமை. பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. தோப்பில் உட்கார்ந்து ஆடுவதால் உங்கள் பத்தாயிரம் திரும்பி வந்துவிடவில்லை.

மற்றவர்களோடு ஆடும்போது ஸ்கூட் விடத் தெரிகிற கைக்கு இவர் முன்னால் ஏன் வரவில்லை? சீர் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்கு வருடமாக இருக்கிற கோபத்துக்கு, பணம் போன கணக்கு 14 மாதம்தான். அதற்கு முன்பும் அவரோடு ஆடியதாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்? அப்போது இவ்வளவு போகவில்லை. சீட்டு என்று சொல்லி எடுத்த முதல் பத்தாயிரத்திலிருந்துதான் உங்களுக்கு நூறு ரூபாயைக் கீழே வைக்க முடியாமல் போனது. சொந்தக் காசென்றால் நூறு போனால் போகட்டும் என்று விடலாம். பொய் சொல்லி எடுத்த காசைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும், அதுவும் யாருக்குத் தெரிந்துபோயிருக்கிறதோ அவரிடமிருந்தே பிடுங்கி வைக்க வேண்டும். இந்த அவசரத்துக்கு மூச்சுப் பயிற்சி கிடையாது.

சோழவந்தானில் என் பெரியப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அவருக்கும் சகலைக்கும் ஆகாது. ஆகாதவரோடுதான் சாயங்காலம் முழுக்கச் சீட்டு. வெற்றிலை விற்ற பணத்தில் குறை விழுந்தால், வியாபாரி கவுளிக்குப் பத்து இலை கழித்துவிட்டான் என்பார். பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார். மறுநாள் விடிகாலையில் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, ஈரச் சாக்கை விலக்கி, நூறு நூறாகத் தானே எண்ணிக் கட்டுவார். இலையைப் புரட்டுகிற அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். பெரியப்பா திண்ணையில் படுத்தபடி தூங்குகிற மாதிரி இருப்பார். எண்ணி முடித்து, 'சரியாத்தான இருக்கு' என்பார் பெரியம்மா. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் பதினைந்து வருடம் அதைப் பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் நடக்கவில்லை. பெரியம்மா சாமர்த்தியசாலி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரியவில்லை.

உங்கள் மனைவியும் ஒரு நாள் சீட்டு அட்டை எங்கே என்று கேட்பார். கடையில் இருக்கிறது என்பீர்கள். இருபது மாதச் சீட்டு, இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி. ஏழாவது மாதம் என்ன சிலேடை வைத்திருக்கிறீர்கள்?

சீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அதைப் படிக்கவே இல்லை என்று நினைப்பீர்கள். மொய் வேறு, சீர் வேறு. மொய் நோட்டில் எழுதி வாங்குவது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுத வேண்டியது. அது கடன், கேட்க உரிமை உண்டு. தாய்மாமன் சீர் தங்கைக்கும் தங்கை பிள்ளைக்கும் அண்ணன் செய்வது. அதில் குறை என்றால் வருத்தப்படவும் சண்டை போடவும் உங்கள் மனைவிக்குத்தான் பாத்தியதை. அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். இரண்டு பவுனைவிட அண்ணன் வீட்டு வாசல் பெரிது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நாளைக்கு அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியது அதே மாமன்தான். உங்களுக்கு அதில் தலைகுனிவு என்றால் அது உங்கள் பாடு. பழமைவாதி என்று என்னைத் திட்டி எழுதுகிறவர்கள் எழுதட்டும், பெண்ணின் பிறந்த வீட்டோடு புருஷன் கணக்குத் தீர்க்கப் புறப்படுவது எனக்குப் பிடிக்காது. அதுவும் அவள் பணத்தை வைத்து!

வழி கேட்டீர்கள். உங்கள் மனைவியிடம் போய் உட்கார்ந்து, சீட்டு எதுவும் கட்டவில்லை, 1,40,000 ரூபாயை ரம்மியில் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். தொகையை முதலில் சொல்லுங்கள். 'கொஞ்சம் பணம்' என்று ஆரம்பித்து இழுக்காதீர்கள், அந்த இழுவையில்தான் பாதிப் பேர் இன்னொரு பொய்யில் போய் விழுகிறார்கள். சீர் என்ற வார்த்தை அந்தப் பேச்சில் வரவே கூடாது. 'உன் அண்ணனுக்கும் தெரியும்' என்று நீங்களாக முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், குற்றத்தைப் பங்கு போடுகிற மாதிரி ஆகும். யாரோடு ஆடினீர்கள் என்று அவர் கேட்டால் மறைக்காதீர்கள். அப்புறம் அண்ணனோடு அவர் என்ன பேசுகிறார் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள். காது கொடுக்காமல் கடையைப் பாருங்கள்.

மீதி ஆறு மாதமும் அதே பத்தாயிரத்தை வங்கியில் அவர் பெயரில் ஆர்.டி.யாகப் போடுங்கள். பாஸ்புக் அவர் கையில் இருக்கட்டும். அறுபதாயிரமாவது நிஜமாகச் சேரும். மீதிக்கு என்ன விற்பது, யாரிடம் புரட்டுவது என்பதை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

ஆட்டத்தை விட்டுவிடுங்கள். மச்சான் வராத ஞாயிறு மட்டும் ஆடலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள், கூடாது. ஞாயிறு வந்தால் கால் தானாகத் தோப்புப் பக்கம் போகிறது என்றால் அது மச்சான் மேலுள்ள கோபமில்லை, பழக்கம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், அதற்குக் கட்டணமில்லை.

ஒன்று பாக்கி. உங்கள் ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பவுனும், பத்தாயிரமும், 'சீட்டு கட்ட வந்துட்டீங்களா'வும் அப்படியே இருக்கின்றன. உங்கள் மனைவி இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அது தெரிந்தும் எனக்குக் கடிதம் போட்டது ஏன் என்று எனக்கும் ஒரு யோசனை உண்டு, அதை இங்கே எழுதவில்லை. இதழ் கடைக்கு வந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் வேலை முடிந்துதான் இந்தப் பக்கத்துக்கு வருவார் என்று நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போங்கள்.