கொழும்பின் கோடை: காற்று எங்கே, எப்போது?

கேள்வி: வேலை மாற்றலாகித் தை மாதம் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஒரு மூன்று மாடி வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்கள் ஊர் வெயிலுக்குப் பழகிய எனக்கு இங்குள்ள வெயில் தாங்க முடியவில்லை. இத்தனைக்கும் வெப்பமானி ஊரைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது. விடுமுறை நாட்கள் மின்விசிறிக்குக் கீழேயே கழிகின்றன. அதிகம் செலவழிக்காமல், தெரிந்தவர்கள் அதிகம் இல்லாத ஒருத்தி இந்த நகரத்தின் கோடையை எப்படி அனுபவிக்கலாம்?

பதில்: நீங்கள் கவனித்தது சரி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பின் பகல் வெப்பம் பெரும்பாலும் 31, 32 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கும். வவுனியாவில் அதைவிடக் கூடுதலாகப் பதிவாகும் நாட்கள் பல. ஆனால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையை ஆவியாக்கித்தான். கடலோரக் காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்திருப்பதால், இங்கே வியர்வை உலராமல் தோலிலேயே தங்கிவிடுகிறது. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் சேரும்போது உடம்பு உணர்வது ஏறக்குறைய 38 பாகை. வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தல் இந்த உணரும் வெப்பத்தைத்தான் சொல்கிறது என்பதால், காலையில் வெளியே புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஒரு வேப்பமரத்து நிழல் கிடைத்தால் போதும். இங்கே நிழலோடு காற்றும் வேண்டும். வறண்ட வெயிலுக்கு யன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிடும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அது அறைக்குள் இருக்கும் ஈரத்தைக் கூட்டுமே தவிரப் புழுக்கத்தைக் குறைக்காது. பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் முற்பகலில் தொடங்கி மாலைவரை கடலிலிருந்து காற்று வரும். இரவு முதிர்ந்தபின் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று திரும்பும். இரண்டுக்கும் இடையில், இலையும் அசையாத ஓரிரு மணி நேரம் உண்டு. கொழும்பில் பலரும் மனம் சலித்துப்போவது அந்த நேரத்தில்தான், அதுவும் மூடிய அறைக்குள் இருந்துகொண்டு.

உங்கள் அறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இரவில் தூக்கம் கெட்டால் மறுநாள் எந்தப் பூங்காவும் இனிக்காது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், கொங்கிறீட் தட்டு பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவு பத்து, பதினொரு மணிவரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். தெருவைவிட அறை சூடாக இருப்பதன் காரணம் அதுவே. வேலை முடிந்து நேரே அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வதைத் தவிர்த்து, மாலையை வெளியே கழித்துவிட்டு இரவு திரும்பி, யன்னல்களைத் திறந்து, மேசை விசிறியை யன்னலோரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து, குளித்துவிட்டுப் படுத்தால் வேறுபாடு தெரியும். மேற்குச் சுவரில் யன்னல் இருந்தால் மதியம் முதல் தடித்த திரை போட்டு வைக்க வேண்டும். வேறு அறை பார்ப்பதாயின் நடு மாடியில், எதிரெதிரே இரண்டு யன்னல்கள் உள்ளதைத் தேடுங்கள். ‘கடற்பக்கம்’ என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். கடலுக்கும் உங்களுக்கும் இடையில் ஓர் அடுக்குமாடி எழுந்துவிட்டால் அந்தக் காற்று உங்களுடையதல்ல. குளிரூட்டி உள்ள அறையாயின், மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, தனி மீற்றரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அலகு கூடக் கூட விலையும் ஏறும் படிமுறைக் கட்டணம், பொது மீற்றரில் பலரின் பாவனையைச் சேர்த்துக் கணக்கிட்டு உங்கள் தலையில் விழும்.

இனி வெளியே. சூரியன் காலை ஆறு மணியளவில் உதிக்கிறது. அதற்குச் சற்று முன்பிருந்து எட்டு மணிவரை கொழும்பு வேறொரு நகரம். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியும் விகாரமகாதேவி பூங்காவின் பெருமரங்களுக்குக் கீழும் அந்த நேரத்தில் நடப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் தனியாகப் போகும் பெண்ணுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போய்ப் பறவை பார்க்கச் சொல்வேன். நகருக்குள்ளேயே இப்படிப்பட்ட சதுப்பு நிலங்கள் எஞ்சியிருப்பதற்காக 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் தலைநகரமும் இதுதான். ஆனால் டெங்கைப் பரப்பும் நுளம்பு கடிப்பதும் காலையிலும் அந்திக்கு முன்னும்தான் என்பதால், முழுக்கை உடையும் நுளம்பு விரட்டிக் களிம்பும் அவசியம்.

பத்து மணி முதல் நாலு மணிவரை கூரைக்குக் கீழ் இருங்கள். ஏப்ரல் 7 அளவில் நண்பகலில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்பதால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். வவுனியாவுக்கு அந்த நாள் ஏறத்தாழ 12ஆம் திகதி வருகிறது. வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942 இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு மதியத்தைக் கழிக்கலாம்; மாலையில் நிகழ்ச்சி ஏதும் இருந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டும் வரலாம். புதிதாக வந்தவருக்கு முகம் தெரிந்த நாலு பேர் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையின் உயர்ந்த கூடங்களும், அதற்கு அண்மையிலுள்ள பொது நூலகமும் இன்னும் இரண்டு மதியங்களுக்குப் போதும். போயா எனப்படும் முழுநிலா விடுமுறை நாட்களில் திறந்திருக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும் வழக்கமிருந்தால் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு ஒரு முற்பகல் போய்ப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த அந்த மண்டபத்தில், வெளியே தார் உருகும்போதும் காலடியில் குளிர்ச்சி இருக்கும்.

மாலைதான் இந்த நகரத்தின் உண்மையான கோடை. வெள்ளவத்தையிலிருந்து கடற்கரை வீதி வழியாக பம்பலப்பிட்டி வரை நடப்பதற்குச் செலவே இல்லை. பாறைகளில் உட்காரத் தண்டவாளத்தைக் கடப்பவர்கள் காதில் எதையும் செருகிக்கொண்டு கடக்கக் கூடாது. கடலிரைச்சல் புகையிரதச் சத்தத்தை விழுங்கிவிடும். வார இறுதியில் தெற்கு நோக்கிப் போகும் ரயிலில் வலப்பக்க யன்னலோரம் இடம் பிடித்துப் பாணந்துறை வரை போய்த் திரும்புங்கள். பெரும் பகுதி கடலோரமாகவே ஓடும் இந்தப் பாதையைக் கொழும்பின் மிக மலிவான உல்லாசப் பயணம் என்று தயங்காமல் சொல்வேன். காலிமுகத்திடலுக்குப் போனால், ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் நினைவுக்கல்லைத் தேடிப் பாருங்கள். 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த அந்த உலாவுமிடத்தைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காகப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களுக்கு அதில் பரிந்துரைத்திருக்கிறார். ஆகவே அந்தக் காற்றில் உங்களுக்கு எழுத்திலேயே பங்கு உண்டு. இறால் வடையைக் கண்ணெதிரே பொரித்துத் தருபவரிடம் வாங்குங்கள். அங்கே கடலில் இறங்க வேண்டாம். குளிக்க விரும்பினால் கல்கிசைக்குப் போய், உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில், மற்றவர்கள் குளிக்கும் இடத்திலேயே இறங்குங்கள்.

ஏப்ரல் மாலைகளில் இடிமழை திடீரென்று வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று பொருள். காலிமுகத்திடல் போன்ற வெளியில் அப்போது நிற்பது ஆபத்து, மரத்தடியும் புகலிடமாகாது.

குடிப்பதற்குச் செவ்விளநீரும், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரும், மோரும் போதும்; பலூடா ஆசைக்குத்தான், தாகத்துக்கு அல்ல. வெயிலில் நின்றவருக்குத் தலை சுற்றி, பேச்சுக் குழறினால், தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 என்ற இலவச அம்புலன்சுக்கு அழையுங்கள். மாம்பழத்துக்கு மட்டும் பொறுத்திருக்க வேண்டும்: பெயரில் கொழும்பைச் சுமந்தாலும் கறுத்தக்கொழும்பான் வடக்கிலிருந்துதான் வரவேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போவதாயின் பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். போகாவிட்டால் கடைகள் சில நாட்கள் பூட்டியிருக்கும் என்பதால் அரிசி, பருப்பு, தேங்காய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியில் வாகன நெரிசல் இல்லாமல் நடக்கும் வாய்ப்பு ஆண்டில் அப்போதுதான் கிடைக்கும். மே மாதத்தில் பௌத்தப் பண்டிகையான வெசாக் இரவுகளில் பேரை வாவியைச் சுற்றி வெளிச்சக் கூடுகளும், தெருவெங்கும் தன்சல் எனப்படும் இலவச உணவுப் பந்தல்களும் இருக்கும். அழைத்துத் தருவதை வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். அதன்பின் வடக்கில் காண்டாவனம் என்ற அக்கினி நட்சத்திர வெயில் எரியும்போது இங்கே தென்மேல் பருவக்காற்று தொடங்கி, கடல் குணம் மாறிவிடும். அன்றிலிருந்து கல்கிசையிலும் கரையில் நின்று கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.