குடியரசுத் தலைவர் தேர்தல்: குமரி மாவட்டத்தாரின் கேள்விகளும் பதில்களும்

மார்த்தாண்டத்திலிருந்து: விளவங்கோடு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை எம்.எல்.ஏ.வுக்கு 152தான். இந்த வேறுபாடு ஏன் ஐயா?

பதில்: மதிப்பு உறுப்பினரின் தகுதியைப் பொறுத்ததன்று; அவர் பின்னால் நிற்கும் மக்கள்தொகையைப் பொறுத்தது. ஒரு மாநிலத்தின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையைப் பேரவையின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுப்பார்கள். தமிழ்நாட்டின் 4,11,99,168 பேரை 234 ஆல் வகுத்தால் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 1,76,000 பேர் வருவர், ஆகவே 176. கேரளத்தில் 140 உறுப்பினர்களுக்கு 2,13,47,375 பேர், ஆகவே 152. உத்தரப் பிரதேசத்தில் இது 208, சிக்கிமில் வெறும் 7. நம் மாவட்டத்தின் ஆறு தொகுதிகளும் சேர்ந்தால் 1,056.

தக்கலையிலிருந்து: அரை நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கை இன்னும் வைத்திருப்பது முறையா?

பதில்: முறையே என்பது என் கருத்து. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை 1971ஆம் ஆண்டுக் கணக்கே செல்லும் என்று அரசியலமைப்பின் 84ஆவது திருத்தம் வகுத்துள்ளது. இல்லையெனில், குடும்பநலத் திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றிய மாநிலங்களே அதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: எம்.பி.க்களின் வாக்குக்கு என்ன மதிப்பு? நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா?

பதில்: எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2022இல் 5,43,231ஐ 776 ஆல் வகுத்து 700 என்று கொண்டார்கள். 2017இல் அது 708. இடையில் ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவை இல்லாமற்போனதால் குறைந்தது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கில்லை. சட்ட மேலவையினருக்கும் இல்லை.

குளச்சலிலிருந்து: கட்சி சொன்னபடிதானே எல்லோரும் வாக்களிப்பார்கள்? பிறகு தேர்தல் எதற்கு?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. வாக்குப்பதிவு இரகசியமானது, கொறடா உத்தரவும் இதில் செல்லாது. வாக்குச்சீட்டில் சின்னம் இராது. பெயருக்கு எதிரே தேர்தல் ஆணையம் தரும் பேனாவால் 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு.

இந்த விருப்ப வரிசையின் வலிமையை 1969இல் நாடு கண்டது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்றவர் வி.வி.கிரி. அவ்வாண்டு சனவரி இடைத்தேர்தலில் நம் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குச் சென்றிருந்த காமராஜர் ரெட்டியை முன்னிறுத்தியோரில் ஒருவர். பிரதமர் இந்திரா காந்தியோ மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டார். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515 பெற்று முந்தினாலும், வெற்றிக்கு வேண்டிய 4,18,169ஐ எட்டவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டுகளிலிருந்த அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 பெற்று வென்றார்.

கருங்கலிலிருந்து: என்னைப் போன்ற சாதாரண குடிமகன் போட்டியிடலாமா?

பதில்: இந்தியக் குடிமகனாய், 35 வயது நிறைந்து, மக்களவைக்குப் போட்டியிடும் தகுதியுடன், ஆதாயம் தரும் அரசுப் பதவி வகிக்காதிருந்தால் தடையில்லை. ஆனால் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் 50 பேர் முன்மொழிய, வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். 15,000 ரூபாய் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். பணத்தைத் திரட்டிவிடலாம், அந்த நூறு கையெழுத்துகள்தாம் கடினம்.