கோடை விடுமுறையில் மதுரையில் சின்னப் பிள்ளைகளைச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம்?

உங்கள் வீட்டிலும் எங்களைப் போல மூன்று வயதும் ஆறு வயதுமாக இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பெரிய பிள்ளைகள் என்றால் நீச்சல், சதுரங்கம் என்று எங்காவது சேர்த்துவிட்டிருப்பீர்கள்.

'செலவில்லாமல்' என்று கேட்டதற்கே இங்கே யாராவது வந்து கிண்டல் பண்ணுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தால் எங்கள் மாத மளிகைக் காசில் பாதி காலி. இத்தனைக்கும் சின்னவன் அங்கே முழங்கால் தண்ணீரில்தான் நிற்கப்போகிறான்.

என் முதல் பதில் கீழக்குயில்குடி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், சமணர் மலை அடிவாரம். ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில், எல்லாம் ஒரே இடத்தில். ஒரே நிபந்தனை, காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். எட்டரை தாண்டினால் பாறையில் கால் வைக்க முடியாது.

போன கோடையில் திருப்பூரிலிருந்து என் நாத்தனார் பிள்ளைகளோடு வந்திருந்தார். "என்ன மதினி, மலையையும் மரத்தையும் பார்க்கவா விடியக்காலம் எழுப்பி விட்டீங்க?" என்று வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகன் கையில் போன். கொஞ்ச நேரத்தில் என் மகள் குளத்துப் படியில் உட்கார்ந்து, கரையோரத் தாமரை இலையில் உள்ளங்கைத் தண்ணீரை விட்டாள். அது உருண்டு உருண்டு நடுவில் போய் நின்றது. இலையைத் தட்டினால் சிதறியது, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. அவ்வளவுதான், போன் அம்மா மடிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் எல்லோரும் சட்டை நனையும்வரை அதையேதான் செய்தார்கள். (குளத்தில் ஆழம் உண்டு, படியில் நீங்களும் கூடவே உட்காருங்கள். மழை பொய்த்த வருஷமென்றால் தண்ணீர் இறங்கிக் கிடக்கும்.)

அப்புறம் படியேறி மலைமேல் இருக்கிற பேச்சிப்பள்ளம் போனோம். பாறையில் வரிசையாகச் சமணர்கள் கும்பிடுகிற தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. "இவங்களுக்கெல்லாம் ஏம்மா காது இவ்ளோ நீளம்?" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நாத்தனார்தான் ஏதோ கதை கட்டிச் சொன்னார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது. வாய்விட்டு நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

பெட்ரோல் செலவில்லையா என்பீர்கள். உண்டு. அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் கீழக்குயில்குடிக்கு மட்டும் வண்டி. மற்றபடி சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் முழு டிக்கெட், அதையும் அவர் சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை.

உச்சி வெயிலுக்கு இரண்டு இடம். புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், உள்ளே போகக் காசில்லை, ஏசி, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி. என் மகனுக்கு நகரும் படிக்கட்டு போதும், புத்தகம் அப்புறம்தான். இன்னொன்று காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959ல் திறந்தது, இலவசம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்டலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். டிவியில் இதைவிட அதிகம் பார்க்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் பாதி நாள் வெளியே போகவே தேவையிருக்காது, எங்கள் வீட்டு ஓனர் மொட்டை மாடியைத் திறந்துவிட்டால். நாங்கள் குடிவந்தபோது சாவி எல்லோருக்கும் பொது. இப்போது பூட்டு. வத்தல் காயப்போட என்று கேட்டால் கிடைக்கும், பிள்ளைகள் விளையாட என்றால் தளம் பழுதாகிவிடுமாம். மூன்று வயதுப் பிள்ளை குதித்து இடிகிற தளத்துக்கு வருஷா வருஷம் வாடகை மட்டும் ஏறுகிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

சாயங்காலம் என்றால் வண்டியூர் தெப்பக்குளம். 1645ல் திருமலை நாயக்கர் வெட்டியது, காற்று நன்றாக வரும், சுற்றுச்சுவரில் உட்காரலாம். ஆனால் கையில் காசு வைத்துக்கொண்டு போனால் இலவசம் என்ற பேச்சே கிடையாது. பஜ்ஜி, மிளகாய்ப்பொடி தூவிய அப்பளம், வானத்தில் விடுகிற விளக்குப் பம்பரம், ஒவ்வொன்றாக இழுக்கும். நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம்.

சித்திரைத் திருவிழாவையும் அழகரையும் சொல்லவில்லையே என்று மதுரைக்காரர்கள் அடிக்க வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் இறங்கும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது, உங்களையும் போகச் சொல்லமாட்டேன். அதற்கு முந்தைய நாட்களில் மீனாட்சியும் சுவாமியும் மாசி வீதிகளில் உலா வருவார்கள், முன்னால் உங்கள் பிள்ளை வயசுக் குழந்தைகளே மீனாட்சி வேஷம் கட்டி நடப்பார்கள். கூட்டம் அன்றும் இருக்கும், ஆனால் ஒதுங்க இடம் கிடைக்கும். இருட்டுவதற்கு முன்னாலேயே போய் ஏதாவது கடை வாசற்படியில் உட்கார்ந்துவிடுங்கள். எங்களை இதுவரை யாரும் எழுப்பிவிட்டதில்லை.