பல் மாறும் வயதில் நாய்க்குட்டி

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு இப்போது 15 வாரம் ஆகிறது. 6 வாரக் குட்டியாக இருந்தபோதே எடுத்து வந்துவிட்டோம். சில நாட்களாகக் கையைக் கொடுத்தால் கை, நடந்தால் கணுக்கால், உட்கார்ந்தால் உடுப்பின் ஓரம் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. செருப்பு, நாற்காலிக் கால், கைப்பேசி சார்ஜரின் ஒயர் என எல்லாவற்றிலும் பல் தடம் பதிந்திருக்கிறது. மாலை 7 மணியானால் பேய் பிடித்ததுபோல் ஓடி ஓடிக் கடிக்கிறது. மூக்கில் தட்டினால் அடங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுத் தட்டிப் பார்த்தேன். இப்போது கையை நீட்டினாலே பின்வாங்குகிறது, இல்லாவிட்டால் முன்னைவிட ஆத்திரத்தோடு பாய்கிறது. 6 வயது மகள் சோபாவை விட்டு இறங்கவே அஞ்சுகிறாள். இது முரட்டு நாயாக வளர்ந்துவிடுமா? யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எதிலும் முரட்டுத்தனத்தின் அடையாளத்தை நான் காணவில்லை. பல் மாறுகிற, தூக்கம் போதாத, வாயை எவ்வளவு அழுத்தலாம் என்று இன்னும் கற்றுக்கொள்ளாத ஒரு குழந்தையைத்தான் காண்கிறேன். இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் மொத்தம் 28. பிறந்த மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். ஏறத்தாழ மூன்றரை, நான்கு மாதத்தில் முன்வரிசை வெட்டுப் பற்கள் விழத் தொடங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து கோரைப் பற்களும் கடைவாய்ப் பக்கத்துப் பற்களும் மாறி, ஆறு ஏழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்களோடு வாய் நிறைவடைகிறது. அடியிலிருந்து புதுப் பல் உந்தும்போது பழைய பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பல் ஆடி, விழுந்துவிடும். அந்த நாட்களில் ஈறு சிவந்து தினவெடுக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்கு ஆறுதல். உங்கள் குட்டி இந்தக் கட்டத்தின் வாசலில் நிற்கிறது. இனி ஒருநாள் பொம்மையில் சிறு இரத்தக் கறையைப் பார்ப்பீர்கள். தரையில் அரிசிமணி அளவில், அடிப்பக்கம் குழிந்த, வெள்ளை வெளேரென்ற ஒரு பல்லையும் கண்டெடுக்கலாம். பெரும்பாலான பற்களை அது உணவோடு விழுங்கிவிடும், அதனால் தீங்கில்லை.

ஆனால் பல்லை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. தொட்டுப் பார்ப்பதும், விளையாட அழைப்பதும், இது என்ன என்று அறிவதும் வாயால்தான். உடன்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விலகிப் போய்விடும். தாயும் வலித்தால் எழுந்து நகர்ந்துவிடும். வலித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்ற இந்தப் பாடத்தைக் குட்டிகள் முதல் எட்டு வாரங்களில், அதிலும் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் மிகுதியாகக் கற்கின்றன. உங்கள் குட்டி 6 வாரத்திலேயே பிரிந்து வந்துவிட்டதால் அந்தப் பாடம் பாதியில் நின்றுபோயிற்று. மீதியை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க முடியும்.

மூக்கில் தட்டியதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள்; தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். ஆயினும் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். வாயை இறுக்கிப் பிடிப்பது, குப்புறத் தள்ளி அழுத்துவது, ஈர ஈறில் விரலை விட்டு அமுக்குவது ஆகியவையும் அதே வகைதான். கடித்ததால் அடி விழுந்தது என்று குட்டி புரிந்துகொள்வதில்லை. கை வந்தால் வலிக்கும் என்றுதான் புரிந்துகொள்கிறது. அதனால்தான் இப்போது கையைக் கண்டு பதுங்குகிறது, பதுங்க இடமில்லாதபோது பாய்கிறது. இதைச் சரிசெய்ய, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, வேறு எந்த வேலையும் இல்லாத நேரத்தில், உள்ளங்கையில் அதன் உணவில் ஒரு துணுக்கை வைத்துத் தாழ்வாக நீட்டுங்கள். அதுவாக வந்து எடுக்கட்டும். எடுத்த பிறகு தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், தாடைக்கு அடியில் மெல்ல ஒரு முறை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சில நாட்களில் கை நீளும்போது வால் ஆடுவதைக் காண்பீர்கள்.

கடிக்கிற அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது வேறு. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுபடும் எதுவும் குட்டிக்குத் துரத்திப் பிடிக்க வேண்டிய இரையாகிவிடும், பல்லும் இன்னும் ஆழமாகக் கீறும். கையைத் தளர விட்டு அசையாமல் வைத்திருங்கள். பிடி தளர்ந்ததும் பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் பொம்மையை அதன் வாய்க்கு நீட்டுங்கள். அதைக் கடித்தால் பாராட்டுங்கள். பொம்மையை விட்டு மறுபடியும் உங்கள் கைக்கே வந்தால், பேசாமல், முறைக்காமல் எழுந்து, ஒரு தடுப்புக்கோ கதவுக்கோ அப்பால் போய்விடுங்கள். இருபது முப்பது விநாடி போதும். திரும்பி வந்து எதுவும் நடக்காததுபோல் விளையாட்டைத் தொடருங்கள். வலியில் கத்துவது போல ஒலி எழுப்பச் சிலர் சொல்வார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டுத் திகைத்து நிற்கும், சில குட்டிகளுக்கோ அது இன்னும் உற்சாகத்தைக் கிளப்பிவிடும். உங்கள் குட்டி எந்த வகை என்று இரண்டு முறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதில் வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றுபோல நடந்துகொள்வது மிக முக்கியம். நீங்கள் எழுந்து போக, இன்னொருவர் விளையாட்டுக்காகக் கையைக் கடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தால், குட்டிக்கு ஒரு பாடமும் ஏறாது. முதல் சில நாட்களில் கடி குறைவதற்குப் பதிலாகக் கூடுவதுபோலவும் தோன்றும். இதுவரை பலித்த வழி ஏன் பலிக்கவில்லை என்று அது இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து மறுபடியும் கையை ஓங்குகிறார்கள், நீங்கள் தளராதீர்கள்.

மாலை 7 மணிக்குப் பேய் பிடித்ததுபோல் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் வீட்டுச் சிக்கலில் பாதி அதில்தான் இருக்கிறது. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்க வேண்டும். ஆட்கள் நடமாடிக்கொண்டே இருக்கும் வீட்டில் அது கண்ணயரும்போதெல்லாம் யாராவது எழுப்பிவிடுகிறார்கள். மாலைக்குள் களைப்பு தலைக்கேறி, தூங்கத் தெரியாமல் அடம்பிடிக்கும் கைக்குழந்தையைப் போல ஆகிவிடுகிறது. அப்போது மேலும் ஓடவிட்டுக் களைப்பாக்கலாம் என்று நினைப்பது தவறு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழித்திருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓய்வு என்ற கணக்கில், வெளிச்சம் குறைந்த, ஆள் நடமாட்டமில்லாத ஓர் இடத்தில், கடிக்க ஒன்றைக் கொடுத்துப் படுக்க விடுங்கள். சற்று முன்வரை உங்கள் கணுக்காலைத் துரத்திய குட்டி, முதலில் கொஞ்சம் முனகி, பிறகு பொம்மையை இரண்டு முன்கால்களுக்கும் நடுவே வைத்து மெல்லத் தொடங்கி, மெல்லும் வேகம் குறைந்து குறைந்து, பொம்மை வாயில் இருக்கும்போதே தூங்கிப்போவதைப் பார்த்தால் உங்களுக்கு அதன் மேல் இருக்கும் கோபமெல்லாம் போய்விடும். 7 மணிக்குத்தான் தொல்லை தொடங்குகிறது என்றால் ஆறரைக்கே அதைப் படுக்க வையுங்கள்.

கடிக்க எதைக் கொடுப்பது? சுத்தமான பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்தெடுத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறின் வலியை மரக்கச் செய்யும். நூல் பிரிந்தால் விழுங்கிவிடும் என்பதால் கண்ணெதிரே மட்டும் கொடுத்து, துணி இளகியதும் வாங்கிவிடுங்கள். உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மையில் அதன் உணவை நீர் விட்டுக் குழைத்து அடைத்து உறைய வைத்தால் அரை மணி நேரம் அதிலேயே மூழ்கியிருக்கும். பொம்மை முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் சிறிதும் பதியாத அளவு கடினமான எதுவும் பல்லை உடைத்துவிடும். எலும்பு, கொம்பு, குளம்பு ஆகியவற்றை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலையும் கிழிக்கும். பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்காதீர்கள். பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது. பல் ஆடும் நாட்களில் கயிறிழுக்கும் விளையாட்டை ஆடினால் மென்மையாக ஆடுங்கள்.

வலிக்கிறதே என்று நமக்கான வலி மாத்திரையையோ, குழந்தைகளின் ஈறில் தடவும் களிம்பையோ ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல நாய்க்கு நஞ்சு.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது சார்ஜர் ஒயரில் இருந்த பல் தடம்தான். மின்சாரம் ஓடும் ஒயரைக் கடித்தால் வாய் வெந்துபோவதோடு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டவும் கூடும். தடம் பதிந்த ஒயரை இன்றே தூக்கி எறியுங்கள். மற்றவற்றைக் குட்டிக்கு எட்டாத உயரத்துக்கோ கெட்டியான குழாய்க்குள்ளோ கொண்டுபோய்விடுங்கள். எப்போதாவது கடித்துவிட்டால், மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே குட்டியைத் தொட வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொத்தான் பேட்டரி, காலுறை, மாத்திரை அட்டை ஆகியவையும் தரையில் கிடக்கக் கூடாது. ஏதாவதொன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள், துரத்தினால் விழுங்கிவிடும். அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டி, பண்டமாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கோரைப் பல் வந்த பிறகும் பால் பல் விழாமல் இரண்டும் ஒட்டி நின்றால், குறிப்பாகச் சிறு இன நாய்களில், அதை எடுக்க வேண்டி வரலாம். ஈறு வீங்கி நாற்றமெடுத்தாலும், ஒரு நாளுக்கு மேல் உண்ண மறுத்தாலும் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம். உடலை விறைத்துக்கொண்டு, அசையாமல் நின்று, உணவுக்கோ இடத்துக்கோ காவலாக உறுமினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பல் முளைக்கும் கடி அல்ல.

இனி மகளைப் பற்றி. இருவரையும் இப்போதைக்குத் தனியே விடாதீர்கள். குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு மரம்போல நிற்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அசையாத மரத்தோடு விளையாட எந்தக் குட்டிக்கும் ஆர்வம் இருக்காது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அவள் உணவுத் துணுக்குகளைத் தரையில் உருட்டிவிடட்டும். கையால் கொடுப்பது பிறகு வரட்டும். பல் பட்டுத் தோல் கீறி இரத்தம் கசிந்தால், நம் வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடாமல் ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாகக் குட்டியின் மூன்றாவது மாதத்துக்குப் பிறகுதான் போடப்படுகிறது, போட்ட அன்றே பாதுகாப்பும் வந்துவிடுவதில்லை.

6 வயது என்றால் அவளுக்கும் பால் பல் ஆடத் தொடங்குகிற காலம்தான். அவளுக்கு வலிப்பதுபோல இதற்கும் வலிக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தரையில் அந்த அரிசிமணிப் பல் கிடைத்தால், கழுவி, அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள்.