நாய்க்குத் தோல் அலர்ஜி திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

ஊசி போட்டால் அடங்குகிறது, பத்து நாளில் மறுபடி சொறிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் இரண்டு வருடம் இதே பாடுதான். மணி, ஆறு வயது லேப்ரடார். ஐப்பசி மழை பிடித்தால் வாலடியில் முடி கொட்டி, தோல் சிவந்துவிடும். ராத்திரி முழுக்கச் சொறிவான். கால் தரையில் இடிக்கும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது.

அவனுக்குப் போட்டது ஸ்டீராய்டு ஊசி. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. போட்ட நாட்களில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து, கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவான். மருந்தின் விளைவு என்று தெரியாமல் அவனைத் திட்டியது இன்றும் உறுத்துகிறது.

பிறகு புதுச்சேரி குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொறிப்பூச்சி இல்லை என்றார்கள். அப்புறம் பேன் சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார்கள். மிளகுப்பொடி மாதிரி இருந்த துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவியது. செரித்த ரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் கழிவு. ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் அலர்ஜி உள்ள நாய்க்கு நாலைந்து கடியே போதும். இந்தச் சோதனையை நீங்கள் இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம்.

நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கும். அதனால் மூன்று மாதம் விடாமல் தெள்ளு மருந்து கொடுத்து, அவன் விரிப்பை வாராவாரம் வெந்நீரில் துவைத்தோம். (வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு உயிர் போகும்.)

வாலடி ஆறிவிட்டது. பாதத்தை நக்குவதும் காது நாற்றமும் மட்டும் போகவில்லை. சரி, அடுத்தது சாப்பாடு. அதுவரை கோழியும் சோறும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். முள்ளுக்குப் பயந்து மீன் கொடுத்ததே இல்லை. இதுவரை சாப்பிடாத உணவுக்கு அலர்ஜி இருக்க வாய்ப்பு குறைவு, அதனால் மீனையே தேர்ந்தெடுத்தோம். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, சோற்றோடு எட்டு வாரம். வேறு எதுவும் கூடாது. ஆறாவது வாரம் அம்மா டீயில் நனைத்த பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணுதானேடா, புள்ள வாயப் பாத்துக்கிட்டே நிக்குது." மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். எட்டு வாரம் முடிந்து கோழியைத் திரும்பக் கொடுத்த நாலாம் நாள் பாதம் சிவந்தது. காரணம் தெரிந்துவிட்டது.

குளியலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நாய் ஷாம்பு. நுரையைப் பத்து நிமிடம் விட்டு அலசி, விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும். நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது.

மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் நக்குவான், அப்போது மட்டும் மருத்துவர் சொன்ன மாத்திரை. எந்த மாதம், உடம்பில் எங்கே, அன்று என்ன சாப்பிட்டது என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.