பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் எடுக்கவில்லை என்றால்
கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சேர்த்த மூட்டையைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருந்தால், அதற்குக் காரணம் அநேகமாக உள்ளே புளித்த பாலின் நாற்றம்தான்.

1. மூலையை வெட்டி எறியாதீர்கள், துண்டு கவரிலேயே தொங்கட்டும். அந்தச் சின்ன முக்கோணம் தொலைந்தால் குப்பையிலிருந்து யாராலும் பொறுக்க முடியாது.

2. பாலை ஊற்றியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். அப்புறம் கவரை விரித்துக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவிடுங்கள்.

சிப்ஸ் கவர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பால் கவர் இழுத்தால் நீளும். சிப்ஸ் கவர் மொறமொறவென்று கிழியும், உள்ளே வெள்ளியாக மின்னும். அதைத் தனியாக வையுங்கள்.

காய்ந்த கவரில் மிளகாய் நாற்று வளர்க்கலாம். சூடான சாம்பார் மட்டும் கட்ட வேண்டாம். 105 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருகத் தொடங்கும் பிளாஸ்டிக், அதற்கு முன்பே இளகிவிடும்.